ஊட்டி மலையின் ஆல்கோ

சேலத்திலிருந்து நாகலூருக்குப் போகும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு மலையேறுகிறது. ஆட்கள், மூட்டைகள், பின்படிக்கட்டில் நிற்பவர்கள் என்று எவ்வளவு பாரம் இருந்தாலும், இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடுகிறது. ரப்பருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம் அத்தனை வலுவானது. உலர்ந்த சாலையில், ஒரு டயரின் மேல் இறங்கும் எடையில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு விசையைச் சறுக்காமல் சாலைக்குக் கொடுக்க முடியும். ரயிலுக்கு இந்த வசதி இல்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. நல்ல வெயில் நாளில்கூட எடையில் நாலில் ஒரு பங்குதான் பிடிமானமாகக் கிடைக்கும். பனி, மழை, நசுங்கிய இலைச்சாறு ஏதாவது தண்டவாளத்தில் படிந்தால் அது பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு ரயில் வரவில்லை. அடிவாரத்துச் சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் ஏற்காட்டின் காபியும் மிளகும் இன்றுவரை சாலை வழியாகத்தான் இறங்குகின்றன. இருந்தாலும் தமிழ்நாட்டின் ஒரே மலை ரயில், நாகலூர்க்காரர்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் இதே சேலம் நகரத்திலிருந்துதான் நிர்வகிக்கப்படுகிறது. 2007 நவம்பர் 1 அன்று தெற்கு ரயில்வேயில் சேலம் கோட்டம் உருவானது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகமண்டலத்துக்கும் இடையிலான 46 கிலோமீட்டர் நீலகிரி மலைப்பாதை அந்தக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை அது.

ஊட்டி ரயில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீராவி லோகோ. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, நடுவில் பதித்த பல்சட்டத்தைக் கடித்துக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ் வகை லோகோ அது. குன்னூரில் அதைக் கழற்றி விடுகிறார்கள். அங்கிருந்து ஊட்டி வரை மீதமுள்ள ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு டீசல் லோகோ பொறுப்பேற்கிறது. பயணிகளில் பலர் அந்த இடைவேளையில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கேமராக்கள் நீராவியின் பக்கமே திரும்பியிருக்கும். அந்த டீசல் லோகோவின் கதைதான் இந்த அத்தியாயம். ஏனென்றால் நூறாண்டு பழைய நீராவி லோகோவைக் காப்பாற்றும் வித்தையைத் தமிழ்நாடு கற்றுத் தேர்ந்துவிட்டது. பழைய டீசல் லோகோவைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம்; அதற்கான காலமும் குறைந்துகொண்டே வருகிறது.

முதலில், ஒரே பாதையில் இரண்டு வகை லோகோக்கள் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடும் டீசல் லோகோவின் பெயர் ஒய்.டி.எம்.4. மீட்டர் பாதைக்கென்று வடிவமைக்கப்பட்ட இதன் எடை 72 டன். ஆறு அச்சுகள், ஆறையும் மோட்டார்கள் சுழற்றுகின்றன. அதனால் எடை முழுவதும் பிடிமானத்துக்கு உதவுகிறது. குன்னூருக்கு மேலே ஏற்றம் ஏறத்தாழ 25 மீட்டருக்கு ஒரு மீட்டர். அதாவது ஒவ்வொரு டன்னையும் மேலே இழுக்க 40 கிலோ விசை வேண்டும். தண்டவாளம் ஈரமாகிப் பிடிமானம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும், இந்த லோகோவுக்கு 7 டன்னுக்கு மேல் இழுவிசை கிடைக்கும். தன்னையே இழுத்துக்கொள்ள 3 டன்னுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். மிச்சமுள்ள விசையில் சில சிறிய பெட்டிகளைச் சிரமமில்லாமல் கொண்டுபோய்விடும்.

அதே லோகோவைக் கல்லாறு ஏற்றத்தில் விட்டுப் பார்ப்போம். அங்கே ஏற்றம் ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். டன்னுக்கு 83 கிலோ. 72 டன் லோகோ தன்னை மட்டும் தூக்கிக்கொள்ளவே 6 டன் விசை தேவை. வளைவுகளில் உராய்வு வேறு. ஈரத் தண்டவாளத்தில் கிடைக்கும் 7 டன்னில் பெட்டிகளுக்கென்று மிஞ்சுவது மிகக் குறைவு. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். பிரேக் பிடித்தாலும் சக்கரம் சறுக்கிக்கொண்டே போகலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய பல்சட்ட முறையை 1890களில் இங்கே கொண்டுவந்தது இதனால்தான். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் பாதை திறக்கப்பட்டது. பல்சட்டம் குன்னூரோடு நின்றுவிட்டது. மேல்பகுதிக்கு அது தேவைப்படவில்லை. பின்னாளில் ஒரு சாதாரண டீசல் லோகோ அங்கே நுழைய இடம் கிடைத்ததும் இந்த ஏற்ற வித்தியாசத்தால்தான்.

ஊட்டியின் எக்ஸ் வகை நீராவி லோகோக்களைக் கட்டிய எஸ்.எல்.எம். நிறுவனம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் இருந்தது. உலகின் முதல் டீசல் லோகோவுக்கும் அதே நகரத்தோடு உறவு உண்டு. 1912இல் சுல்சர் நிறுவனம் அதை விண்டர்தூரிலிருந்து ரோமான்ஸ்ஹார்ன் போகும் பாதையில் ஓட்டிப் பார்த்தது. முயற்சி வெற்றி பெறவில்லை. அது ஏன் தோற்றது என்று புரிந்துகொண்டால், பழைய டீசல் லோகோ ஒன்றைச் சீரமைப்பது ஏன் இத்தனை சிக்கல் என்பதும் புரியும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றைப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் டீசல் தூறலாகப் பீய்ச்சப்பட, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது: என்ஜின் போதிய வேகத்தில் சுழன்றால்தான் காற்று சூடாகும். மெதுவாகச் சுழன்றால் அழுத்தம் கசிந்துவிடும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், என்ஜின் நின்றுவிடும். நீராவி லோகோ அப்படியல்ல. சக்கரம் அசையாமல் நிற்கும்போதும் நீராவி பிஸ்டனை முழு வலுவோடு தள்ளும். சுல்சர் லோகோவில் டீசல் என்ஜினைச் சக்கரத்தோடு நேராக இணைத்திருந்தார்கள். நிற்கும் ரயிலை அதனால் கிளப்ப முடியவில்லை. அழுத்திய காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு வண்டியை நகர்த்தி, வேகம் வந்த பிறகே டீசலைப் பீய்ச்ச வேண்டியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அந்த முயற்சி நின்றுபோனது.

இதற்குக் கிடைத்த தீர்வு, என்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துவிடுவது. டீசல் என்ஜின் தனக்கு ஏற்ற வேகத்தில் சுழன்று ஒரு ஜெனரேட்டரை ஓட்டும். அதில் பிறக்கும் மின்சாரம் கேபிள் வழியாக அச்சுகளில் உள்ள டிராக்ஷன் மோட்டார்களுக்குப் போகும். மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை கொடுக்கத் தெரியும். எனவே டீசல் லோகோ என்று நாம் அழைப்பது, தன் மின்நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு ஓடும் மின்சார லோகோதான். ஒரு கூரையின் கீழ் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன: கொதிக்கும் என்ஜின், உயர்மின்னோட்ட ஜெனரேட்டர், சக்கரங்களுக்கு நடுவே சேற்றிலும் தண்ணீரிலும் அடிபடும் மோட்டார்கள். மூன்றும் மூன்று விதமாக மூப்படைகின்றன.

இந்தியாவுக்கு டீசல் வந்ததற்குத் தண்ணீரும் ஒரு காரணம். நீராவி லோகோவின் தாகம் தீராதது. கட்ச் பகுதியில் அதற்குக் கொடுக்க நீர் இல்லை. 1955–56இல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய ஒய்.டி.எம்.1 லோகோக்கள் காந்திதாம் பக்கம் ஓடத் தொடங்கின. பிறகு அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரத்திலிருந்த ஆல்கோ நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் வந்தது. வாரணாசியில் டீசல் லோகோ தொழிற்சாலை எழுந்தது. அதன் முதல் லோகோ 1964 ஜனவரியில் வெளிவந்தது, அகலப்பாதைக்கான டபிள்யூ.டி.எம்.2 அது. மீட்டர் பாதைக்கான ஆல்கோ வடிவமைப்பான ஒய்.டி.எம்.4 முதலில் இறக்குமதியாகி, 1968 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1969இல், ஸ்கெனெக்டடியில் ஆல்கோவின் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்வீடு மூடிய பிறகும் ஆல்கோ வடிவமைப்பு இந்தியாவில் பல பத்தாண்டுகள் வளர்ந்தது. உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய ஆல்கோ குடும்பம் இருந்ததில்லை. ஈரோடு டீசல் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.2 லோகோக்களும் அவற்றின் வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்பட்டன. சேலம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்த எவருக்கும் அந்தக் கரும்புகையும், கிளம்பும்போது எழும் கடமுடா ஓசையும் பழக்கம்.

அந்தக் கரும்புகைக்கும் ஒரு காரணம் உண்டு. லோகோ பைலட் விசைக் கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாய்கிறது. ஆனால் காற்றை ஊட்டும் டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வது. அது வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. எரியாத கார்பன் கரும்புகையாக வெளியேறுகிறது. ஊட்டியின் உயரத்துக்கு இதே டர்போதான் பெரிய துணை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ உள்ள என்ஜின் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

ஒய்.டி.எம்.4 உற்பத்தி 1990இல் நின்றது. இரண்டாண்டு கழித்து, நாட்டின் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. செங்கோட்டை, போடிநாயக்கனூர், பொள்ளாச்சி, மயிலாடுதுறை என்று தமிழ்நாட்டின் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. 2010களின் தொடக்கத்தில் நீலகிரிப் பாதை மட்டும் எஞ்சியது. வளைவுகளும் குகைகளும் பல்சட்டமும் நிறைந்த அந்தப் பாதையை அகலப்படுத்த முடியாது. யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆக, ஒரு காலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து தென்கோடி வரை மெயில் வண்டிகளை இழுத்த ஒரு லோகோ வகைக்குத் தென்னிந்தியாவில் கடைசி இருப்பிடமாக அந்த 19 கிலோமீட்டர் அமைந்துவிட்டது. அது பாரம்பரியச் சின்னமாவதற்காக மலையேறவில்லை. வேலை செய்ய ஏறியது. தெற்கின் மற்ற இடங்களில் அதன் இனம் அற்றுப்போனதால் தானாகவே பாரம்பரியமாகிவிட்டது.

ரயில்வே பணிமனை உள்ள திருச்சி பொன்மலைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே இப்போது ஒரு அடி மீட்டர் பாதைகூட இல்லை. பெரிய பழுதுக்காக லோகோவைப் பணிமனைக்கு அனுப்ப வேண்டுமென்றால், அது தன் சக்கரத்தில் ஓடிப் போக முடியாது. அகலப்பாதை வேகனிலோ சாலை டிரெய்லரிலோ சரக்காக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உலகெங்கும் பாரம்பரிய ரயில்வேக்கள் பழைய லோகோ வாங்கும்போது முதலில் எதிர்கொள்ளும் செலவும் இதுதான். பல நேரங்களில் லோகோவின் விலையைவிடக் கிரேனுக்கும் டிரெய்லருக்கும் ஆகும் செலவு அதிகம்.

சரி, நீண்டகாலம் ஓடாமல் நின்ற ஒரு ஆல்கோ பணிமனைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. நின்றிருந்த காலத்தில் ஏதாவதொரு சீல் கசிந்து, குளிர்விக்கும் நீர் ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்று அழுத்தத்துக்குப் பணியும், தண்ணீர் பணியாது. ஒரு டம்ளர் தண்ணீர் பிஸ்டனுக்கு மேலே நின்றாலே போதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் சிறு அடைப்பானையும் கழற்றிவிட்டு, நீண்ட கம்பியால் கிராங்க்கைக் கையாலேயே மெல்லச் சுழற்றுகிறார்கள். அடைப்பான் துளையில் காற்று மட்டும் வருகிறதா, நீரோ எண்ணெயோ சேர்ந்து வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒய்.டி.எம்.4க்கு ஆறு சிலிண்டர். ஆறுக்கும் பொறுமையாக இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது எண்ணெய்ப் பரிசோதனை. இந்திய டீசல் ஷெட்களின் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் இந்த வேலையை வெளியுலகம் அறிந்ததில்லை, அறிந்தால் வியக்கும். என்ஜினிலிருந்து சிறிதளவு மசகு எண்ணெய் எடுத்து, அதை மின்பொறியில் எரித்து, எழும் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறக்கோட்டைக் காட்டிக்கொடுக்கும். தாமிரமும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. குரோமியம் கூடினால் முலாம் பூசிய சிலிண்டர் லைனரிலோ பிஸ்டன் வளையத்திலோ சிக்கல். சிலிக்கான் தெரிந்தால் காற்று வடிகட்டி வழியாக மண் உள்ளே போகிறது. சோடியம் தெரிந்தால், குளிர்நீரில் கலந்த ரசாயனம் எண்ணெயில் இறங்கியிருக்கிறது, எங்கோ விரிசல். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் என்ஜினின் உள்ளே நடப்பதை ஆய்வகத்தில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். ஆனால் இந்த அறிவு தொடர்ந்து ஓடும் லோகோவுக்குத்தான் முழுமையாகப் பயன்படும். எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட, போன மாதத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே முக்கியம். வரலாற்றுப் பதிவேடு இல்லாத லோகோவைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இரும்பு வேலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செய்து முடித்துவிடலாம். டீசல் லோகோவின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்பகுதி. மெயின் ஜெனரேட்டரிலும் டிராக்ஷன் மோட்டார்களிலும் தாமிரச் சுருள்களைச் சுற்றி மைக்கா, கண்ணாடி இழை, வார்னிஷ் ஆகியவற்றாலான மெல்லிய காப்பு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, அது மொறுமொறுப்பாகி வெடிக்கிறது. நின்றிருக்கும் லோகோவில் ஈரம் ஊறுகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மெக்கர் கருவியை இணைத்துக் காப்புத் தடையை அளந்தால்தான் உண்மை தெரியும். அளவு குறைவாக இருந்தால் சுருளைக் கழற்றிச் சுத்தம் செய்து, உலையில் வைத்து ஈரத்தை வாட்டி, வார்னிஷில் முக்கி, மறுபடியும் உலையில் வைக்க வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் தாமிரச் சுருளையே புதிதாகச் சுற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. புதிய லோகோக்களில் மூன்று-ஃபேஸ் மோட்டார்கள் வந்துவிட்டன. பழைய மோட்டார்களில் சுழலும் சுருளுக்கு மின்சாரம் சேர்க்கும் கார்பன் பிரஷ், காம்யுட்டேட்டர் எதுவும் அவற்றில் இல்லை. காம்யுட்டேட்டரின் தாமிரப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைச் சரியான ஆழத்துக்குச் சீவி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

நீராவியோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1855இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற லோகோ, நூறாண்டுக்கு மேல் ஓடாமல் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. அதைப் பெரம்பூர் பணிமனை பிரித்துச் சீரமைத்து, 2010இல் மறுபடியும் ஓட வைத்தது. இல்லாத பாகங்களை வரைபடம் போட்டு, வார்ப்பெடுத்து, கடைந்து செய்துகொண்டார்கள். பொன்மலைப் பணிமனை அதற்கும் மேலே போய், 2011இலிருந்து ஊட்டிக்கென்று எக்ஸ் வகை நீராவி லோகோக்களையே புதிதாகக் கட்டியது. நீராவி லோகோவை நல்ல வார்ப்படச் சாலையும் கொதிகலன் தெரிந்தவர்களும் இருந்தால் முழுசாகவே செய்துவிடலாம். டீசல் லோகோவின் எரிபொருள் பம்பில் மைக்ரான் கணக்கில் பொருந்த வேண்டிய உருளைகள் இருக்கின்றன. டர்போவில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் விசிறி இருக்கிறது. கவர்னர், ரப்பர் சீல்கள், ரிலேக்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் தனித்தனித் தொழிற்சாலைகள் உண்டு. அந்தத் தொழிற்சாலைகள் மூடினால், எந்தப் பணிமனையாலும் அத்தனையையும் ஈடுகட்ட முடியாது.

உலகம் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. பிரிட்டனின் முதல் பெரும்பாதை டீசல் லோகோ, 10000 என்ற எண்ணுடையது, 1947 டிசம்பரில் டெர்பியில் வெளிவந்தது. நீராவி லோகோக்களைக் காப்பாற்றத் தொண்டர்கள் வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில், 1968இல், அதைப் பழைய இரும்பாக வெட்டிவிட்டார்கள். அன்று அது யாருக்கும் பழமையாகத் தெரியவில்லை. இப்போது அதைப் புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்று ஒரு குழு பாடுபடுகிறது. பிரிட்டனின் டெல்டிக் வகை டீசல் லோகோக்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. 3,300 குதிரைத்திறன் கொண்ட அந்த 22 லோகோக்களில் கடைசியானவை 1982 ஜனவரியில் ஓய்வுபெற்றபோது, ஆர்வலர் சங்கம் ஒன்று ஐந்தாண்டுக்கு முன்பே தொடங்கிப் பணம் சேர்த்து வைத்திருந்தது. அதே ஆண்டு இரண்டு லோகோக்களை வாங்கியது. லோகோவோடு உதிரி என்ஜின்களையும் சேர்த்து வாங்கியதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். இன்று ஆறு டெல்டிக்குகள் உயிரோடு இருக்கின்றன.

நம் ஒய்.டி.எம்.4க்கு நெருங்கிய சொந்தம் அலாஸ்காவின் ஒரு மலைப்பாதையில் ஓடியது. தங்க வேட்டைக் காலத்தில், 1900இல் முடிக்கப்பட்ட ஒயிட் பாஸ் – யூக்கான் மலைப்பாதை அது; இப்போது சுற்றுலாப் பாதை. அங்கே ஓடிய டி.எல்.535இ லோகோவும் ஒய்.டி.எம்.4இன் மூலமான டி.எல்.535ஏ-வும் ஆல்கோவின் ஒரே வரைபடக் குடும்பம். இரண்டிலும் ஆல்கோவின் 251 வகையைச் சேர்ந்த அதே ஆறு சிலிண்டர் என்ஜின். 1992இல் அவற்றில் சிலவற்றைக் கொலம்பியாவுக்கு விற்றார்கள். சுற்றுலாக் கூட்டம் பெருகியதும் 1999இல் அதே லோகோக்களைத் திரும்பக் கொண்டுவந்து செப்பனிட்டு ஓட்டினார்கள். கதை அதோடு நிற்கவில்லை. கொலராடோவில் டுராங்கோ – சில்வர்ட்டன் என்ற நீராவிப் பாரம்பரியப் பாதை இருக்கிறது. அதன் அருகே 2018 கோடையில் எழுந்த காட்டுத்தீ ஏறத்தாழ 54,000 ஏக்கரை எரித்தது. நீராவி லோகோவின் தீப்பொறியே காரணம் என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. அதன் பிறகு அந்த ரயில்வே ஒயிட் பாஸிலிருந்து இந்தப் பழைய ஆல்கோ வகை லோகோக்களில் சிலவற்றைக் கொண்டுவந்தது. காடு காய்ந்திருக்கும் நாட்களில் வண்டி ஓட வேண்டுமே! பாரம்பரியப் பாதையில் பழைய டீசல் லோகோ அழகுக்காக மட்டும் நிற்பதில்லை. நீராவியால் முடியாத நாளில் பாதையையே அதுதான் காப்பாற்றுகிறது.

பக்கத்து இலங்கையில் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எம்2 வகை டீசல் லோகோக்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றில் 591ஆம் எண் ‘மனிடோபா’. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பெரலியவில் புரட்டிப் போட்ட ரயிலை இழுத்துக்கொண்டிருந்தது அதுதான். ஆயிரத்துக்கும் அதிகமானோர் அந்த ஒரே ரயிலில் மாண்டார்கள். கடல்நீரில் மூழ்கி உருண்ட லோகோ அது. உப்புநீர் பட்ட மின்சுருள்களுக்கு என்ன நேரும் என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து ஊகிக்கலாம். அதைக் கழித்துக் கட்டியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இலங்கை ரயில்வே அதைத் தூக்கியெடுத்து மீளக் கட்டியது. பக்கவாட்டில் ஓர் அலையை வரைந்து பாதைக்குத் திருப்பியது. நினைவு நாளில் அந்த லோகோ மறுபடியும் பெரலியவுக்குப் போய் நிற்கிறது.

இனி ஊட்டிக்குத் திரும்புவோம். ஒய்.டி.எம்.4 இத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் சொந்தங்கள். அதன் ஆறு சிலிண்டர் என்ஜினும் டபிள்யூ.டி.எம்.2இன் 16 சிலிண்டர் என்ஜினும் ஒரே 251 வகை. சிலிண்டர் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் பத்தரை அங்குலம், இரண்டிலும் ஒன்றுதான். அகலப்பாதையில் ஆயிரக்கணக்கான ஆல்கோக்கள் ஓடியவரை லைனர், பிஸ்டன் போன்ற அடிப்படைப் பாகங்களுக்குச் சந்தை இருந்தது. இப்போது இந்திய அகலப்பாதைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் மின்மயமாகிவிட்டது. ஆல்கோக்கள் வரிசையாகக் கழிக்கப்படுகின்றன. 2019 பிப்ரவரியில் வாரணாசியில் இரண்டு ஆல்கோ டீசல்களை 10,000 குதிரைத்திறன் கொண்ட ஒரே மின்சார லோகோவாக மாற்றிக் கொடியசைத்தார்கள். மின்மயமாக்கல் நல்லது, நாட்டுக்குத் தேவையானது. ஆனால் அதன் வேகத்தில், ஊட்டியின் ஆல்கோவுக்கு உதிரிபாகம் தந்த ஊற்று வற்றுகிறது.

எனவே செய்ய வேண்டியதை இப்போதே செய்ய வேண்டும். தெற்கு ரயில்வே, கழிக்கப்படும் ஆல்கோக்களிலிருந்து என்ஜின், டர்போ, கவர்னர், டிராக்ஷன் மோட்டார் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, எடைக்கு ஏலம் விடாமல் பொன்மலையில் நீலகிரிக்கென்று தனிக் கிடங்கில் சேர்க்க வேண்டும். ஓடும் ஒய்.டி.எம்.4 லோகோக்களில் ஒன்றையாவது, பழைய பாகங்கள் மாறாமல், பராமரிப்புப் பதிவேடுகளோடு பாரம்பரிய லோகோவாக அறிவிக்க வேண்டும். வெறுமனே வண்ணம் பூசி மேடையில் நிறுத்தினால் போதாது. என்ஜின் சுழல வேண்டும். ஈரோட்டிலும் பொன்மலையிலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் அழைத்து, அவர்கள் கைவேலையைப் படமெடுத்து, இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைக்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ டீசல் ஷெட்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தால், ஒரு மாலைப் பொழுது அவரோடு உட்காருங்கள். ஆல்கோ என்ஜினை எப்படித் திறப்பார்கள், சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள்.